கலப்பு, கலப்படம், ஓர் ஐம்பது நிமிட இசைத்தட்டு

'ஃப்யூஷன்' என்ற சொல்லுக்கு இப்போது ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விட்டது. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடாரை உட்கார வைத்தால் ஃப்யூஷன். தோசைக்குள் பன்னீரை வைத்து மடித்தால் ஃப்யூஷன். கல்யாண வரவேற்பில் நாதஸ்வரத்தோடு கீபோர்டு சேர்ந்து சினிமாப் பாட்டு வாசித்தால் அதற்கும் அதே பெயர்தான். நான் காலையில் நடக்கப் போகும் பூங்காவில் சங்கீதம் கேட்கிற நண்பர்கள் நாலைந்து பேர் உண்டு. ஒருவர், "கலப்படம் சார், வேறென்ன?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இன்னொருவர், "எல்லாம் ஏழு ஸ்வரம்தானே, எதை எதோடு சேர்த்தால் என்ன?" என்பார். இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை. கலப்பு என்பது ஒரு வேலை. தச்சு வேலை மாதிரி. நன்றாகவும் செய்யலாம், மோசமாகவும் செய்யலாம். எது எப்படி என்று பார்த்துச் சொல்ல முடியும் என்பது என் கட்சி.

எனக்கு இது வெறும் பூங்கா வாக்குவாதமாக மட்டும் இல்லை. பேத்தி ஒன்பது வருஷமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். இப்போது கல்லூரியில் ஒரு ராக் குழுவில் சேரப் போகிறேன் என்கிறாள். கை கெட்டுப்போய்விடும், சுருதி போய்விடும் என்று அவளுக்குச் சொல்லித்தருகிற ஆசிரியர் கவலைப்படுகிறார். மகள் என்னிடம், "அப்பா, நீங்கதான் இந்த மாதிரி ரெக்கார்டெல்லாம் வெச்சுக் கேக்கறவர். நீங்களே சொல்லுங்க" என்று பொறுப்பைத் தள்ளிவிட்டுவிட்டாள். ஆகவே யோசித்தாக வேண்டியதாயிற்று. யோசிக்க நான் எடுத்துக்கொண்டது 1974-ல் வந்த ஓர் இசைத்தட்டு. பெயர் 'அபோகலிப்ஸ்'. வாசித்தவர்கள் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா, லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என இரண்டு குழுக்கள்.

பெயரில் குழப்பம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாணத்தில் மெல்லிசை பாடுகிறவர்கள். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா அதுவும் இல்லை, சிம்பொனியும் இல்லை. அது மின்சார கிடார், டிரம்ஸ், கீபோர்டு, வயலின், பேஸ் கிடார் கொண்ட ஜாஸ்-ராக் குழு. ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேயர் அதை 1971-ல் தொடங்கினார். 1942-ல் யார்க்ஷயரில் பிறந்தவர், அம்மா வயலின் வாசிப்பவர். அமெரிக்கா போய் மைல்ஸ் டேவிஸுடன் வாசித்து, பிறகு ஸ்ரீ சின்மய் என்ற வங்காளத்து குருவிடம் சீடராகச் சேர்ந்தார். 'மகாவிஷ்ணு' என்பது குரு வைத்த பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரின் உறவினர் மூலம் இந்தத் தட்டு என் கைக்கு வந்தது. உறையில் மகாவிஷ்ணு என்று இருப்பதாக நான் சொல்லக் கேட்டு, பெருமாள் பாட்டாக்கும் என்று என் அம்மா கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது உருப்படி பாதியில் எழுந்து போய்விட்டாள். போகும்போது, "யாரோ ஒருத்தன் நன்னா பிடில் வாசிக்கறான்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பிடில்காரரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

ஜாஸையும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்ப்பது 1974-ல் புதுசு இல்லை. கெர்ஷ்வின் 1924-லேயே 'ராப்சடி இன் ப்ளூ' வாசித்துவிட்டார். அந்த முதல் நிகழ்ச்சியில் பியானோ தனியாக வாசிக்கும் இடங்கள் முழுதாக எழுதப்படவே இல்லை. கெர்ஷ்வின் தலையசைக்கும்வரை குழு காத்திருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 1957-ல் கந்தர் ஷுல்லர் என்பவர் இதற்கு 'மூன்றாவது ஓடை' என்று பெயரும் வைத்தார். மேற்கத்திய சாஸ்திரிய இசை ஓர் ஓடை, ஜாஸ் இன்னோர் ஓடை, இரண்டும் சேர்ந்தால் மூன்றாவது. பெயர் வைத்தாயிற்று, ஆனால் சேர்ப்பதில் உள்ள சிக்கல் அப்படியே இருந்தது.

அந்தச் சிக்கல் என்ன? எல்லாரும் ராகம், பாவம், கலாசாரம் என்று பேசுவார்கள். எனக்குப் பட்டவரை முதல் சிக்கல் காலப்பிரமாணம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்றால் எண்பது, தொண்ணூறு பேர் மேடை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் பதினேழு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆக இந்த ஓரத்தில் அடித்தது அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர வினாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது. கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் நிமிடத்துக்கு 120 அடி போகிற ஒரு தாளத்தில், அடிக்கு நான்கு சொற்கட்டு வைத்து வாசித்தால், ஒரு சொல்லுக்குக் கிடைப்பது வினாடியில் எட்டில் ஒரு பங்கு. அதில் ஐந்தில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விட்டது! அதனால்தான் அவர்கள் காதை நம்பாமல், முன்னால் நிற்கிற கண்டக்டரின் கோலைக் கண்ணால் பார்த்து வாசிக்கிறார்கள். அதிலும் ஒரு பழக்கம் உண்டு. பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் கோல் இறங்கிய அந்தக் கணத்தில் வாசிப்பதில்லை, ஒரு மூச்சு தள்ளித்தான் ஒலி வரும். நூறு வருஷமாக வந்த பழக்கம். மெதுவான இசையில் அதுதான் அழகு, அலை எழும்புவதுபோல் இருக்கும்.

ராக் குழுவிலோ தாளம் டிரம்ஸ்காரர் காலில் இருக்கிறது. பெரிய டிரம்மை மிதிக்கிற அந்தக் கணம்தான் அடி. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருவர் அலை, மற்றவர் ஆணி. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் நல்ல கச்சேரியில் தாளம் தப்பியதுபோலக் கேட்கும். போதாததற்கு சத்தம். ஒரு மின்சார கிடாரின் ஆம்ப்ளிஃபையர் முன்னால் முப்பது வயலின்கள் ஒன்றுமே இல்லை. டிரம்ஸ் சத்தம் வயலின்காரர்களின் மைக்கில் போய் விழும். தடுப்பு வைத்தால் டிரம்ஸ்காரருக்கு கண்டக்டரைத் தெரியாது.

இதோடு மெக்லாலினின் குழுவுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒற்றைப்படைக் கணக்குகளில் வாசிப்பார்கள். அவர்களுடைய 1973 இசைத்தட்டில் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற உருப்படி பதினெட்டு எண்ணிக்கை. நமக்கு அது பூதம் இல்லை. சங்கீர்ணத்தின் ஒன்பதை இரட்டித்தால் பதினெட்டு, தொடையில் தட்டிப் பார்த்துவிடலாம். ஆனால் மூன்றிலும் நான்கிலும் வளர்ந்த ஒரு வயலின் வரிசையை அப்படிப்பட்ட கணக்கில், அதுவும் அந்த வேகத்தில் ஓடச் சொல்வது சின்ன காரியமா?

இரண்டாவது சிக்கல் மனோதர்மம். ஜாஸ் என்றால் கற்பனைதான். கல்பனாஸ்வரம் பாடுகிறவர் எத்தனை ஆவர்த்தனம் பாடுவார் என்று பக்கவாத்தியக்காரருக்கு முன்கூட்டியே தெரியாது, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். தொண்ணூறு பேர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? அவர்களுக்கு முன்னால் காகிதம் வேண்டும். காகிதத்தில் எழுதிவிட்டால் கற்பனை எங்கே?

இந்த இரண்டு சிக்கலையும் நேருக்கு நேர் பார்க்காமல் நழுவுகிற வழிகள்தான் உலகத்தில் அதிகம். ஒரு வழி ஜமுக்காளம் விரிப்பது. வயலின்கள் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு கீழே கிடக்கும், தனி வாத்தியம் மேலே நடக்கும். சார்லி பார்க்கர் தந்தி வாத்தியங்களோடு 1949-லிருந்து பதிவு செய்தவை பெரும்பாலும் இந்த வகை. பார்க்கரின் வாசிப்பு தேவலோகம். கீழே கிடப்பது ஜமுக்காளம்தான், அதை எடுத்துவிட்டாலும் பார்க்கர் குறைய மாட்டார். இன்னொரு வழி முறைவைத்து வாசிப்பது: நீ கொஞ்சம், நான் கொஞ்சம். டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக்குடன் வாசித்தது பெரும்பாலும் அப்படித்தான். அதை எழுதிய ஜான் லார்ட் முதல் பகுதியில் இரண்டு குழுக்களையும் எதிரிகளாகவே வைத்திருந்தார், ஆகவே அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் இழுபறிப் போட்டியில் கயிறு ஒன்றுதான் என்பதற்காக இரண்டு அணிகளும் ஒன்றாகிவிட்டன என்று சொல்ல மாட்டோம்.

'அபோகலிப்ஸ்' இரண்டு வழியையும் தாண்டிப் போகப் பார்த்தது. அதற்குக் காரணம் மெக்லாலின் மட்டும் இல்லை. பழைய குழு 1973 முடிவோடு கலைந்துபோய், புதுக் குழு சேர்த்திருந்தார். டிரம்ஸில் நாரத மைக்கேல் வால்டன். கீபோர்டும் பாட்டும் கேல் மோரன். பேஸ் வாசித்த ரால்ஃப் ஆம்ஸ்ட்ராங் இன்னும் இருபதைத் தொடவில்லை. குழுவுக்குள்ளேயே வயலின், வயோலா, செல்லோ என்று ஒரு சின்னத் தந்திப் பிரிவும் வைத்துக்கொண்டார். இது புத்திசாலித்தனம். பெரிய வீட்டில் சம்பந்தம் பேசப் போகிறவர் அந்த வீட்டுப் பேச்சு தெரிந்த ஆளைக் கூட அழைத்துப்போவதுபோல.

லண்டன் சிம்பொனியை நடத்தியவர் மைக்கேல் டில்சன் தாமஸ், அப்போது இருபத்தொன்பது வயது அமெரிக்கர். தயாரித்தவர் ஜார்ஜ் மார்ட்டின். பீட்டில்ஸ் என்றால் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அவர்களுடைய 'எலினர் ரிக்பி'க்கு எட்டுத் தந்தி வாத்தியங்களுக்கு எழுதியவர், ஓபோ படித்தவர். அதாவது இரண்டு மொழியும் தெரிந்த ஆள். மார்ட்டினின் சொந்த ஸ்டுடியோவான லண்டன் ஏர் ஸ்டுடியோவில்தான் 1974 மார்ச்சில் பதிவு நடந்தது.

இவர்கள் எல்லாரையும்விட நான் முக்கியமாக நினைக்கிற மனிதர் பெயர் உறையில் சின்ன எழுத்தில் இருக்கிறது. மைக்கேல் கிப்ஸ். மெக்லாலினின் இசையை அத்தனை வாத்தியங்களுக்கும் பிரித்து எழுதியவர். அன்றைய ரொடீஷியாவில் பிறந்து, பாஸ்டனில் ஜாஸ் படித்தவர். 'மூன்றாவது ஓடை' என்று பெயர் வைத்த அதே ஷுல்லரிடமும் பாடம் கேட்டவர். கலப்பு நடக்கிற இடம் மேடை இல்லை, இப்படிப்பட்ட ஆளின் மேஜை. கிடார் எப்போது கற்பனையில் இறங்கும், அப்போது கொம்பு வாத்தியங்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும், கற்பனை முடிந்ததும் எந்த ஸ்வரத்தில் எல்லாரும் ஒன்றாக இறங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. சமையலில் கரண்டி பிடிப்பவரைப் பார்க்கிறோம். புளியும் உப்பும் அளந்து வைத்தவர் உள்ளே இருக்கிறார்.

இரண்டாவது உருப்படி 'விஷன் ஈஸ் எ நேக்கட் ஸ்வார்ட்'. பதினான்கு நிமிடம். அடிக்குரலில் இடி உருளுவதுபோல் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்குகிறது. மெல்ல மெல்ல ஏறுகிறது. அலை வேலையை அலைக்கே விட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் டிரம்ஸ் அவசரப்படுத்தவில்லை. பிறகு குழு இறங்கி வேகம் பிடிக்கும்போது ஆர்க்கெஸ்ட்ரா கூடவே மூச்சிரைக்க ஓடுவதில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் குத்துகிறது, சாப்பாட்டில் ஊறுகாய் அளவுக்கு. ஆணிக்கு ஆணியின் வேலை, அலைக்கு அலையின் வேலை. ஆனாலும் இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன. கிடாரில் வந்த சொல் கொம்பில் திரும்ப வருகிறது. இதைத்தான் நான் கலப்பு என்கிறேன். ஆர்க்கெஸ்ட்ராவை எடுத்துவிட்டால் இந்த உருப்படி நிற்காது. குழுவை எடுத்துவிட்டாலும் நிற்காது. என் சோதனை இவ்வளவுதான்: ஒன்றை உருவிப் பார், மற்றது தனியாக நிற்கிறதா? நின்றால் அது கலக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சோதனையில் முழுத் தட்டும் தேறுகிறது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது உருப்படியில் தந்திகளோடு கேல் மோரன் பாடுவது எனக்குக் கொஞ்சம் தித்திப்பு அதிகம். நடுவில் குழு வந்து சேர்வது வேறு தட்டு மாற்றிப் போட்டதுபோல் இருக்கும். கடைசி உருப்படி 'ஹிம் டு ஹிம்' பத்தொன்பது நிமிடத்துக்கு மேல். அதில் ஐந்து நிமிடத்தைக் குறைத்திருந்தால் யாரும் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டார்கள். ஆனால் அதில் வயலினும் கிடாரும் மாறி மாறிப் பேசிக்கொள்கிற இடம் வரும்போது எல்லாம் மன்னிப்பு.

அந்த வயலின்காரர்தான் என் அம்மா சொன்ன ஆள். ழான்-லுக் போன்டி, பிரெஞ்சுக்காரர். பாரிஸ் கன்சர்வேட்டரியில் முதல் பரிசோடு தேறி, மூன்று வருஷம் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து வாசித்துவிட்டுத்தான் ஜாஸுக்குப் போனார். வில் எப்படிப் போட வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சார வயலினை எடுத்தபோதும் அந்தக் கை அப்படியே இருக்கிறது. மகளிடம் நான் சொன்னது இதை வைத்துத்தான். குழுவில் சேரட்டும், ஆனால் வர்ணமும் கீர்த்தனையும் நிற்கக் கூடாது. மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்க ஓர் ஆறு மாதம் ஒதுக்கட்டும். அது தெரியாமல் போனால் அவர்கள் நடுவில் இவள் கமகம் போடுகிற பொம்மையாகத்தான் இருப்பாள். மகளுக்கு இது பிடித்தது, ஆசிரியருக்குப் பாதி பிடித்தது. பேத்தி ஆறு மாதம் என்றதும் முகத்தைச் சுளித்தாள்.

விட்டுக்கொடுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நமக்கு அருகில் இருக்கிற விஷயம். இத்தனை பெரிய படையோடு வாசித்த மெக்லாலின் அடுத்த சில வருஷத்திலேயே மின்சார கிடாரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணைப் பாடம் கேட்டவர் அவர். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் அமைத்த 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது. அந்தக் குழுவுக்காகத் தன் வாத்தியத்தையே மாற்றிக்கொண்டார். கமகம் இழுக்க வசதியாக ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து, கூடவே சுருதி ஒலிக்கும் தந்திகளும் குறுக்கே கட்டிய தனி கிடார். நம்மவர்களிடம் வந்து உட்காருகிற வெளிநாட்டுக்காரர்கள் பலர். தன் வாத்தியத்தின் கழுத்தைக் குடைந்துகொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்? கண்டக்டர் தேவையில்லாத குழு அது, தாளம் நாலு பேர் மனதிலும் இருந்தது. கேட்பதற்கு 'அபோகலிப்ஸு'க்கு நேர் எதிர். செய்த வேலை அதே வேலைதான் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் இந்த மேஜை வேலையைச் செய்தவர் என்றால் இளையராஜா. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஜாஸ்-ராக் இல்லை, அது பாக்கும் தியாகராஜரும் பக்கம். ஆனால் அதிலும் எல்லாம் காகிதத்தில் எழுதியது. வி.எஸ். நரசிம்மனின் வயலினை உருவிவிட்டால் மிச்சம் நிற்காது, மிச்சத்தை உருவினால் வயலின் நிற்காது.

இன்றைக்குக் காலச் சிக்கல் ஒன்றுமே இல்லாமல் தீர்ந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் காதில் ஹெட்போன், அதில் கடிகாரம் மாதிரி 'டிக் டிக்'. அலைக்கும் ஆணிதான் அளவு. தொண்ணூறு பேருக்குப் பதில் ஒரு கீபோர்டில் 'ஸ்ட்ரிங்ஸ்' என்று ஒரு பொத்தான். சென்ற வருஷம் ஓர் அரங்கில் இப்படி ஒரு ஃப்யூஷன் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். ஒரு தப்பும் இல்லை. எல்லாம் அந்தந்த இடத்தில் விழுந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. கலப்படம் என்கிற நண்பர் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு பதிலும் இருக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு அவர் சொன்னது சரி.

'அபோகலிப்ஸ்' இப்போது இணையத்தில் முழுதாகக் கிடைக்கிறது. கேட்க நினைக்கிறவர்களுக்கு என் யோசனை: முதல் உருப்படி நாலு நிமிடம், சாதாரண கிடாரோடு ஆர்க்கெஸ்ட்ரா அமைதியாகப் பேசுவது. அதை முழுசாகக் கேட்டுவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம், அடிக்குரல் இடி அதில் கேட்கவே கேட்காது. என் மாதிரி காதில் கருவி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு நல்ல ஸ்பீக்கரில் ஒரு முறை, மாட்டிக்கொண்டு ஒரு முறை கேளுங்கள். கழற்றினால் சிம்பல் சத்தமெல்லாம் போய் டபுள் பேஸும் டிம்பனியும் மட்டும் மிஞ்சும். கிப்ஸ் கீழ்த்தளத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. மத்தியான நேரம் மட்டும் வேண்டாம், வீட்டில் தூங்குகிறவர்கள் இருப்பார்கள்.